மட்டக்களப்புக் கடலில் ஹேர்மஸ்: கேட்டறிந்த பின்னும் காக்க முடியாமற்போன கப்பல்

கல்லடிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர் தொலைவில், ஐம்பது மீற்றருக்குச் சற்றுக் கூடிய ஆழத்தில், இடப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது எச்.எம்.எஸ். ஹேர்மஸ். விமானந்தாங்கியாகவே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கிய உலகின் முதற் கப்பல் இது. 1918இல் அடிக்கட்டை போட்டார்கள். சேவைக்கு வந்தது 1924இல். அதற்குள் ஜப்பான் தன் ஹோஷோவை 1922 டிசெம்பரிலேயே முடித்து முந்திக்கொண்டது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஹேர்மஸுக்கு இன்னொரு ‘முதல்’ சேர்ந்தது: விமானந்தாங்கிகளிலிருந்து எழுந்த விமானங்களால் மூழ்கடிக்கப்பட்ட முதல் விமானந்தாங்கி. கப்பலோடு 307 பேர் போனார்கள். கப்டன் ரிச்சர்ட் ஒன்ஸ்லோவும் அவர்களில் ஒருவர்.

இதைப் பற்றி எழுதுவோர் வழக்கமாக இரண்டு காரணம் சொல்வார்கள். கப்பலில் விமானம் இருக்கவில்லை, கப்பலும் பழையது. இரண்டும் உண்மைதான், ஆனால் அவற்றோடு கதை முடிந்துவிடுவதில்லை. அந்தக் காலையில் பிரித்தானியர் கண்ணைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. ஜப்பானியரின் சங்கேதச் செய்திகளை ஓரளவு வாசித்துக்கொண்டிருந்தார்கள். கட்டலினா ரோந்து விமானங்கள் எதிரிப் படையைக் கண்டு சொல்லியிருந்தன. திருகோணமலை ராடார் வேலை செய்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஹேர்மஸைக் கண்ட ஜப்பானிய விமானம் தன் படைக்கு அனுப்பிய செய்தியையே ஒட்டுக்கேட்டுவிட்டார்கள். அதன் பிறகும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் கையில் இருந்தது. அது எப்படிக் கழிந்தது என்பதையே இங்கே பார்க்கிறேன்.

பள்ளிக்கூடத்துக்குள் ஓர் ஒட்டுக்கேட்பு நிலையம்

பிரித்தானியரின் தூரகிழக்கு உளவு வானொலிப் பணியகம் 1935இல் ஹொங்கொங்கில் தொடங்கி, 1939இல் சிங்கப்பூருக்கு மாறி, சிங்கப்பூர் ஆட்டங்கண்டபோது 1942 சனவரியில் கொழும்புக்கு வந்து சேர்ந்தது. பெம்புரோக் என்ற ஆண்கள் பள்ளிக்கூடக் கட்டடத்தில் குடியேறினார்கள். அவர்கள் குடைந்துகொண்டிருந்தது ஜே.என்.-25 எனப்படும் ஜப்பானியக் கடற்படைச் சங்கேத முறையை.

மார்ச் மாதச் செய்திகளில் தாக்குதலுக்கான இடம் ‘டி.ஜி.’ என்ற மறைபெயரில் மட்டுமே வந்தது. எந்த ஊர் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு ஒரு செய்தியில் யாரோ ஒரு ஜப்பானியத் தொடர்பாளர் அந்த இடத்தைக் கானா எனப்படும் ஜப்பானிய ஒலியெழுத்துகளில் கூட்டி எழுதிவிட்டார்: கோ-ரோ-ன்-போ, அதாவது கொழும்பு. மாதக்கணக்காகச் செய்த இரகசியம் ஒரு எழுத்துக்கூட்டலில் கலைந்தது. இலத்திரனியல் போர் என்றதும் பெருங்கருவிகளை நினைக்கிறோம். இந்த வரலாற்றைப் படிக்கப் படிக்க, எதிர்ப்பக்கத்தில் யாரோ ஒருவரின் சோம்பலும் அவசரமும்தான் பல வேளைகளில் கதவைத் திறந்துவிட்டிருப்பது தெரியும்.

ஏப்ரல் முதலாம் திகதியை ஒட்டித் தாக்குதல் வரும் என்று கணித்தார்கள். பிரித்தானியக் கிழக்குக் கப்பற்படையின் தளபதி அட்மிரல் சோமர்வில் தன் கப்பல்களை இலங்கைக்குத் தெற்கே கொண்டுபோய் மார்ச் 31 முதல் ஏப்ரல் 2 வரை காத்திருந்தார். ஒருவரும் வரவில்லை. எண்ணெயும் தண்ணீரும் தீர்ந்துகொண்டிருந்தன. படையின் பெரும்பகுதி மாலைதீவின் அட்டுவுக்குத் திரும்பியது. கோர்ன்வோல், டோர்செட்ஷயர் என்ற இரு குரூசர்களும் கொழும்புக்கு அனுப்பப்பட்டன. மடகஸ்காரில் நடக்கவிருந்த தரையிறக்கத்துக்கு ஆயத்தம் செய்ய ஹேர்மஸ் திருகோணமலைக்குப் போனது. துணைக்கு அவுஸ்திரேலிய நாசகாரி வம்பயர்.

சங்கேத வாசிப்பு இடத்தைச் சரியாகச் சொன்னது, திகதியை நான்கு நாள் முந்திச் சொன்னது. ஹேர்மஸ் அந்த வாரம் திருகோணமலையில் நின்றதற்கு இந்த நான்கு நாள் பிசகும் ஒரு காரணம். அதை வாசித்தவர்களின் திறமைக்குறைவு என்று நான் எடுத்துக்கொள்ளமாட்டேன். பாதி வாசித்த செய்தியை வைத்து முழுக் கப்பற்படையையும் கடலில் நிறுத்திவைக்க எண்ணெய் போதாது, அவ்வளவுதான்.

கொக்கலையிலிருந்து எழுந்த ரோந்து

இலங்கையின் தென்கரையில் கொக்கல வாவி அப்போது கட்டலினா விமானங்களின் தளம். நீரில் எழுந்து நீரிலேயே இறங்கும் இந்த விமானத்துக்கு வேகம் கிடையாது. ஆனால் விடிய முன்னர் எழுந்தால் பொழுதுபடும்வரை வானில் நிற்கும். கனேடிய விமானப்படையின் 413ஆம் அணி மார்ச் கடைசியில்தான் இங்கே வந்து சேரத் தொடங்கியது. ஏப்ரல் 4ஆம் திகதி பின்னேரம், அந்த அணியின் ஸ்குவாட்ரன் லீடர் லெனார்ட் பேர்ச்சல் இலங்கைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 350 மைல் தள்ளி ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் படையைக் கண்டார். ஐந்து விமானந்தாங்கிகள்: அகாகி, சோரியு, ஹிரியு, ஷோகாகு, சுய்காகு. செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஜப்பானியரின் சீரோ சண்டை விமானங்கள் சுட்டு வீழ்த்தின. ஒன்பது பேரில் ஆறு பேர் உயிரோடு பிடிபட்டுப் போர் முடியும்வரை சிறையில் இருந்தார்கள்.

பேர்ச்சலை ‘இலங்கையின் இரட்சகர்’ என்று அழைப்பது வழக்கமாகிவிட்டது. அவரது துணிவைக் குறைத்துப் பேச ஒன்றுமில்லை. ஆனால் ஒரு மனிதரை மேடையேற்றும்போது மற்றவர்கள் இருட்டில் போய்விடுகிறார்கள். தாக்குதல் வரும் என்று பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். எங்கே நிற்கிறது, எப்போது வரும் என்பதைச் சொன்னதுதான் கட்டலினா. இரண்டில் ஒன்று இல்லாமல் மற்றது பாதிதான்.

மறுநாள் உயிர்த்த ஞாயிறு. இவ்வளவு எச்சரிக்கை இருந்தும், ராடார் இருந்தும், கொழும்பு ராடாரிலிருந்து முன்னறிவிப்பு வரவில்லை. ஜப்பானியர் தலைக்கு மேல் வந்த பின்பே கொழும்பை அடுத்த இரத்மலானையில் ஹரிகேன் சண்டை விமானங்கள் எழுந்தன. அன்றைக்கே இரு குரூசர்களையும் கடலில் தேடிப் பிடித்து மூழ்கடித்தார்கள். அவற்றில் 424 பேர் இறந்தனர். பிறகு நகுமோ கிழக்கே ஒதுங்கி, வளைந்து, திருகோணமலைப் பக்கம் திரும்பினார். 8ஆம் திகதி பின்னேரம் இன்னொரு கட்டலினா அவரைக் கண்டு சொன்னது. துறைமுகத்தைக் காலி செய்யக் கட்டளை போனது. நள்ளிரவை ஒட்டி ஹேர்மஸும் வம்பயரும் வெளியேறிக் கரையோரமாகத் தெற்கே மட்டக்களப்பை நோக்கி வந்தன. ஹேர்மஸின் விமானங்கள், 814ஆம் அணியின் சோர்ட்ஃபிஷ்கள், கரையிலேயே நின்றுவிட்டன. அவை கப்பலில் இருந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் மாறியிராது. இரட்டைச் சிறகு கொண்ட அந்த டோர்பிடோ விமானங்கள் சண்டை விமானங்கள் அல்ல.

ஒன்பது மணிக்கும் பத்தரைக்கும் இடையில்

9ஆம் திகதி காலை ஏழு மணி தாண்டியதும் திருகோணமலை எலிசபெத் முனையில் இருந்த 272ஆம் ராடார் நிலையம் வரும் விமானக் கூட்டத்தை ஏறத்தாழ 90 மைல் தூரத்திலேயே பிடித்தது. கொழும்பில் நடக்காதது இங்கே நடந்தது: சீனன்குடா விமானத்தளத்திலிருந்து ஹரிகேன்களும் ஃபுல்மர் என்ற சண்டை விமானங்களும் முன்கூட்டியே மேலேறிவிட்டன. ராடாரின் வேலை அந்த அளவில் குறைவில்லாமல் முடிந்தது. ஆனால் எண்ணிக்கை எதிர்ப்பக்கம். சண்டை முடிந்தபோது சீனன்குடாவின் காப்பு விமானங்களில் கணிசமானவை வீழ்ந்திருந்தன, தளமும் குண்டுபட்டுக் கிடந்தது. அதே காலை நகுமோவின் படையை மறுபடி கண்ட 413ஆம் அணிக் கட்டலினா ஒன்று சுடப்பட்டு அதில் இருந்த எல்லோரும் இறந்தனர்.

திருகோணமலையைக் குண்டுபோட்டவை ஜப்பானியரின் முதல் அணி மட்டுமே. கப்பல்களைக் குண்டுவீசி மூழ்கடிப்பதில் கைதேர்ந்த செங்குத்துக் குண்டுவீச்சு விமானங்களை நகுமோ விமானந்தாங்கிகளிலேயே வைத்துக்கொண்டிருந்தார். கடலில் ஏதாவது அகப்பட்டால் அதற்கென்று. ஹேர்மஸ் பற்றிய விவரிப்புகள் இதைப் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. என் பார்வையில் அன்றைய முடிவைத் தீர்மானித்தது இந்த ஒதுக்கீடுதான். கண்டறிந்ததற்கும் அடிக்கப் புறப்பட்டதற்கும் இடையே ஜப்பானியரிடம் யோசிக்க நேரம் தேவைப்படவில்லை.

ஒன்பது மணிக்குச் சற்று முன்னதாக, ஹருனா என்ற போர்க்கப்பலிலிருந்து புறப்பட்ட மிதவை விமானம் மட்டக்களப்புக்கு வெளியே ஹேர்மஸையும் வம்பயரையும் கண்டது. கண்டதை வானொலியில் அனுப்பியது. அந்தச் செய்தி பிரித்தானியரின் காதிலும் விழுந்தது. அதுவரை கிடைத்த எந்தத் தகவலும் ‘ஜப்பானியர் வருகிறார்கள்’ என்றுதான் சொன்னது. இதுதான் ‘ஹேர்மஸைக் குறிவைத்துவிட்டார்கள்’ என்று சொன்ன முதற் செய்தி.

உடனே கப்பல்களுக்குக் கட்டளை: முழு வேகத்தில் திருகோணமலைக்குத் திரும்புங்கள், விமானக் காப்பு அனுப்பப்படும். கேட்பதற்கு நியாயமான முடிவு. கணக்குப் போட்டால் சங்கடம் தெரியும். மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை நேர்கோட்டில் நூறு கிலோமீற்றருக்கு மேல். ஹேர்மஸின் உச்ச வேகம் மணிக்கு 25 கடல் மைல் என்றாலும் துறைமுக வாயை அடைய இரண்டரை மணி நேரமளவு பிடிக்கும். செங்குத்துக் குண்டுவீச்சு விமானம் கப்பலைவிடப் பல மடங்கு வேகம். ஆக வடக்கே போனாலும் தெற்கே போனாலும் கப்பல் எட்டும் தூரத்துக்குள்தான். திரும்புவதற்கு ஒரே அர்த்தம் விமானக் காப்பு. அந்தக் காப்பைத் தரவேண்டிய தளமோ ஒன்றரை மணி நேரத்துக்கு முன்புதான் அடிவாங்கியிருந்தது.

காது இருந்தது, கை எட்டவில்லை.

பத்து முப்பத்தைந்து

ஜப்பானியர் அனுப்பியவை 85 குண்டுவீச்சு விமானங்கள், காப்புக்கு 9 சீரோக்கள். அவற்றில் முப்பதுக்கு மேற்பட்டவைதான் இந்த இரு கப்பல்களையும் தாக்கின. மற்றவை வேறு இரை தேடி வடக்கே போயின. முதற் குண்டு 10.35 மணியளவில் விழுந்தது. பதினொரு மணிக்கு முன் ஹேர்மஸ் மேற்பரப்பில் இல்லை. விழுந்த குண்டுகளின் தொகை 40 என்று பல நூல்கள் சொல்லும். எரிந்து சரியும் கப்பலில் எண்ணிக்கை எவ்வளவு நம்பத்தக்கது என்பதை வாசிப்பவரே யோசித்துக்கொள்ளலாம். அதன் பின்னே வம்பயர் மூழ்கியது. அதன் தளபதி வில்லியம் மொரானும் வேறு ஏழு பேரும் இறந்தனர்.

ஃபுல்மர் விமானங்களில் ஒரு பகுதி சண்டை நடக்கும்போது வந்து சேர்ந்தது. இன்னொரு பகுதி ஹேர்மஸ் மூழ்கிய பின் வந்தது. ஜப்பானியர் இழந்தவை நான்கு குண்டுவீச்சு விமானங்கள், ஃபுல்மர்களில் இரண்டு வீழ்ந்தன. அன்று இதே கரையோரத்தில் ஹொலிஹொக் கோர்வெட், அதெல்ஸ்டேன் எண்ணெய்க் கப்பல், பிரிட்டிஷ் சார்ஜன்ட் தாங்கிக் கப்பல், நோர்வேயின் நோர்விக்கன் எல்லாம் போயின. பாசிக்குடாவுக்கு வரும் சுழியோடிகள் இன்று போய்ப் பார்க்கும் கப்பல்களில் பிரிட்டிஷ் சார்ஜன்டும் ஒன்று. ஹேர்மஸ் கிடக்கும் ஆழம் பொழுதுபோக்குச் சுழியோடலின் 40 மீற்றர் எல்லைக்கு அப்பால் என்பதால் அங்கே போகத் தனிப்பயிற்சி வேண்டும்.

தப்பியவர்களில் பெரும்பாலோரைக் காப்பாற்றியது அவ்வழியே வந்த வீட்டா என்ற மருத்துவக் கப்பல். ஜப்பானியர் அதைத் தொடவில்லை. ஏறத்தாழ அறுநூறு பேரை ஏற்றிக்கொண்டு அது கொழும்புக்குப் போனது. சிலர் நீந்தியே கரை சேர்ந்தார்கள். வாடைக்காற்று அடங்கிய ஏப்ரல் மாதக் கடல் அன்று அவர்களுக்குத் துணையாயிருந்தது. அதே தெளிந்த வானம்தான் மேலிருந்து குறிபார்த்தவர்களுக்கும் உதவியிருக்கிறது.

அதே நேரத்தில் அகாகிக்கு மேலே

அன்றைய நிகழ்வுக்கு ஒரு மறுபாதி உண்டு. மட்டக்களப்புக் கதையில் அதைச் சேர்த்துச் சொல்வோர் குறைவு. கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலிலிருந்து 11ஆம் அணியின் பிளென்ஹீம் குண்டுவீச்சு விமானங்கள் நகுமோவைத் தேடிப் புறப்பட்டன. பத்தரை மணியை ஒட்டி, அதாவது ஹேர்மஸ் அடிபடத் தொடங்கும் அதே வேளையில், ஒன்பது பிளென்ஹீம்கள் நகுமோவின் தலைமைக் கப்பலான அகாகிக்கு மேலே வந்து நின்றன. அந்த விமானந்தாங்கிகள் எதிலும் ராடார் கிடையாது. காவலர் கண்தான் ராடார். குண்டுகள் கடலில் விழுந்து நீர்த்தூண் எழும்பிய பிறகுதான் அகாகியில் இருந்தவர்களுக்கு விஷயம் தெரிந்தது. ஒன்றும் படவில்லை. ஐந்து பிளென்ஹீம்கள் திரும்பவில்லை.

ஒரே அரைமணி நேரத்தில் இரண்டு காட்சி. ஒரு பக்கம் எதிரியின் செய்தியையே கேட்டும் தடுக்க விமானம் இல்லாதவர்கள். மறுபக்கம் போதிய விமானம் இருந்தும் வருபவரை அறியும் கருவி இல்லாதவர்கள். ஜப்பானியருக்கு அன்று அதிர்ஷ்டம் துணை நின்றது. இரண்டு மாதம் கழித்து, ஜூன் 4ஆம் திகதி மிட்வேயில், அமெரிக்க விமானங்கள் மேகத்துக்கூடாக இறங்கியபோது அதே அகாகி, அதே சோரியு, அதே ஹிரியு, கூடவே காகா என்று நான்கும் போயின. ஏப்ரல் 9இன் எச்சரிக்கையை நகுமோவின் அலுவலர்கள் சரியாகப் படித்திருந்தால் என்று கேட்கத் தோன்றும். வெற்றி பெற்ற நாளில் யாரும் தன் ஓட்டையைத் தேடுவதில்லை.

பதிவுகளைப் படிப்பவருக்கு

இந்த நாளை ஆராய விரும்புபவர் முதலில் மணிக்கூட்டைச் சரிசெய்ய வேண்டும். ஜப்பானியக் கடற்படை எங்கே போரிட்டாலும் டோக்கியோ நேரத்திலேயே எழுதியது. இலங்கை நேரமோ போர்க்காலத்துக்காக 1942 சனவரியில் அரைமணி முன்னே நகர்த்தப்பட்டு, செப்டெம்பரில் மறுபடி அரைமணி நகர்ந்தது. ஆக ஏப்ரலில் இரண்டுக்கும் மூன்று மணி நேர வித்தியாசம். கிரீனிச்சுக்கு ஐந்தரை மணி முன்னே என்ற இன்றைய இலங்கை நேரக் கணக்கை வைத்துக் கழித்தால் அரைமணி பிசகும். ஒன்றரை மணி நேரத்தை ஆராயும் இடத்தில் அரைமணி பிசகினால் காரணகாரியமே தலைகீழாகிவிடும்: கேட்ட பிறகு அனுப்பிய கட்டளை, கேட்பதற்கு முன்பே போனதுபோலத் தெரியும்.

ரோந்து அணிகளின் நாட்குறிப்புகள் இலண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏ.ஐ.ஆர். 27 என்ற தொகுதியில் இருக்கின்றன. எழுந்த நேரம், இறங்கிய நேரம், சுற்றிய பகுதி, கண்டவை. பெரும்பாலான நாட்களில் ‘ஒன்றும் காணவில்லை’ என்றே இருக்கும். அதைச் சலிப்போடு தள்ளிவிடக்கூடாது. எதிரி எங்கே இருந்தான் என்பதை ஒரு வரிதான் சொல்லும். எங்கே இருக்கவில்லை என்பதை மற்ற எல்லா வரிகளும் சேர்ந்து சொல்லும். நகுமோ எந்த இடைவெளியால் நுழைந்தார் என்பதை அந்த வெற்றுப் பதிவுகளை வரைபடத்தில் போட்டால்தான் பிடிக்கலாம். ஜப்பானிய விமானந்தாங்கிகளின் தாக்குதல் அறிக்கைகளை ஆசிய வரலாற்றுப் பதிவுகளுக்கான ஜப்பானிய மையம் எண்ணிம வடிவில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. விமானிகள் சொன்ன வெற்றிக்கணக்கு எப்போதும் கூடும், சொந்த இழப்புக்கணக்கு ஓரளவு நம்பலாம். இது இரு தரப்புக்கும் பொருந்தும்.

சங்கேத வாசிப்பும் ஒட்டுக்கேட்பும் வேறு வேறு. சங்கேதத்தை உடைக்கும் வேலை நாட்கணக்கு. மிதவை விமானத்தின் செய்தியைக் கேட்டது நிமிடக்கணக்கு. எல்லாவற்றையும் ‘உளவுத் தகவல்’ என்று ஒரே பெட்டியில் போட்டு, ‘தெரிந்திருந்தும் காப்பாற்றவில்லை’ என்று தீர்ப்பெழுதுவது பல விவரிப்புகளில் உள்ள கோளாறு. எது தெரிந்தது என்பதோடு எத்தனை மணிக்குத் தெரிந்தது, அதைப் பெற்றவர் கையில் அப்போது என்ன இருந்தது என்பதையும் கேட்கவேண்டும்.

என் கணிப்பு

திருகோணமலைக்குத் திரும்பச் சொன்ன கட்டளையைப் பலர் குற்றம் சொல்கிறார்கள். தொடர்ந்து தெற்கே ஓடியிருந்தால் தப்பியிருக்கும் என்ற வாதம் தூரக்கணக்கில் நிற்காது. கட்டளை பிழை என்பதைவிட, கட்டளையோடு போயிருக்கவேண்டிய விமானங்கள் போகவில்லை என்பதே சரி.

ஃபுல்மர்கள் நின்ற இரத்மலானையிலிருந்து மட்டக்களப்புக்கு வான்வழி 220 கிலோமீற்றர் அளவு. ஃபுல்மரின் உச்ச வேகம் மணிக்கு 430 கிலோமீற்றரை ஒட்டியது. மேலேறும் நேரத்தையும் சேர்த்துத் தாராளமாக ஒரு மணி நேரம் வைத்தாலும், மிதவை விமானத்தின் செய்தி கேட்ட சில நிமிடங்களில் புறப்பட்டிருந்தால் பத்து மணியை ஒட்டி ஹேர்மஸுக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கலாம். வரும் குண்டுவீச்சு விமானங்களுக்குக் காப்பு வெறும் ஒன்பது சீரோக்கள் என்பதையும் இங்கே நினைக்கவேண்டும். 85 பேரையும் தடுத்திருக்க முடியாது. ஆனால் குண்டு போடக் கவிழும் விமானத்தின் வாலில் யாராவது தொற்றிக்கொண்டிருந்தால் குறி இவ்வளவு துல்லியமாக இராது. கப்பலைக் காத்திருக்குமா என்று கேட்டால் சந்தேகம்தான். உயிர்கள் சிலவற்றைக் காத்திருக்கும் என்று சொல்வேன்.

இதற்கும் முந்திய ஒரு வாய்ப்பும் இருந்தது. சீனன்குடா அடிபட்டுக்கொண்டிருந்த எட்டு மணிக்கே, கிழக்குக் கரையில் காப்பில்லாமல் கப்பல்கள் நிற்கின்றன என்பது கட்டளையிடுவோருக்குத் தெரியும். அப்போதே இரத்மலானை விமானங்களைக் கிழக்கே நகர்த்தியிருந்தால் ஒட்டுக்கேட்ட செய்திக்காகக் காத்திருக்கவேண்டிய தேவையே வந்திராது. கொழும்பை மறுபடி தாக்குவார்களோ என்ற பயம் அந்த விமானங்களை மேற்கே பிடித்து வைத்திருக்கலாம். நான்கு நாளுக்கு முன்பு நடந்ததைப் பார்த்தால் அந்தப் பயத்தில் நியாயமும் இருந்தது.

தாக்குதலுக்குப் பின் சோமர்வில் தன் படையின் பெரும்பகுதியைக் கிழக்கு ஆபிரிக்காவின் கிலிண்டினிக்குப் பின்வாங்கினார். பள்ளிக்கூடத்தில் இருந்த ஒட்டுக்கேட்பாளர்களும் கூடவே போனார்கள். எதிரியிடமிருந்து அவ்வளவு தூரம் விலகியதும் செய்திகள் மங்கலாகக் கேட்டன. வேலை தேங்கியது. 1943இல்தான் அவர்கள் கொழும்புக்குத் திரும்பி, அன்டர்சன் கோல்ஃப் திடலில் அமைத்த நிலையத்தில் மறுபடி காதைத் தீட்டினார்கள்.